பையில்லாத பத்து நாட்கள்



2020ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட தேசியக் கல்விக் கொள்கையிலே, அதிகமாக விவாதிக்கப்படாத சிறு பகுதி ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகள் பத்து நாட்கள் புத்தகப் பையைச் சுமக்காமல் பள்ளிக்கு வரவேண்டும். அந்நாட்களில் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் முதலிய உள்ளூர்த் தொழில் வல்லவர்களை அடுத்திருந்து கற்கவேண்டும் என்பது அதன் சாரம். நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலையில், இதை எவ்வாறு நடத்துவது என்பதற்கான வழிகாட்டு நெறிகளும் வந்தன. காய்கறிச் சந்தைக்குச் சென்று கணக்கெடுப்பது, பட்டம் செய்து பறக்கவிடுவது, ஆலமர நிழலில் அமர்ந்திருப்பது, சாண எரிவாயுக் கலத்தைப் பார்த்துவருவது என்று அதில் பல யோசனைகள் கூறப்பட்டுள்ளன. ஆலமர நிழலில் அமர்வதற்கும் அரசாங்கத்தின் நெறிமுறை வேண்டியிருக்கிறதா என்று சிலர் நகைக்கக்கூடும். நான் நகைக்கமாட்டேன். நம் நகரத்துப் பிள்ளைகளுள் எத்தனை பேர் ஒரு மரத்தடியில் முழுதாக ஒரு நாழிகை அமர்ந்திருப்பார்கள்?

பையின் கதையே தனிக்கதை. நாவலாசிரியர் ஆர். கே. நாராயண் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989இல் அங்கே எழுந்து பேசியது வேறு எதைப் பற்றியும் அன்று. குழந்தைகள் முதுகில் சுமக்கும் பாரத்தைப் பற்றித்தான். அதன் தொடர்ச்சியாக விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் ஒரு குழு அமைந்து, 1993இல் 'சுமையற்ற கல்வி' குறித்து அறிக்கை தந்தது. பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பையின் எடை இருத்தலாகாது என்று 2020இல் வந்த பள்ளிப்பைக் கொள்கையும் கூறிற்று. முப்பது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு மூன்று கிலோ. காலையில் பேருந்து நிறுத்தங்களில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால், இந்தக் கணக்கைத் தராசு ஒன்றும் அறிந்திருப்பதாகத் தோன்றவில்லை. எனினும், பையின் எடையைக் குறைப்பது ஒன்று. பையே இல்லாமல் பிள்ளையை வெளியே அழைத்துச் செல்வது வேறொன்று. இன்று நான் பேச விரும்புவது பின்னதைப் பற்றி.

சொற்களோடு உழல்வதே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் முதலில் இரண்டு சொற்களைப் பற்றிக் கூறிவிடுகிறேன். 'ஃபீல்டு' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் 'களம்' என்று நாம் வழங்குகிறோம். 'களப்பயணம்', 'களப்பணி' எனக் கூட்டுச் சொற்களும் பெருகிவிட்டன. ஆங்கிலச் சொல் வயலைக் குறிப்பது. நம் களமோ அறுத்த கதிரை அடித்துத் தூற்றி அளக்கும் இடம். இந்த வேறுபாட்டிலே ஒரு பொருத்தம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருபவனுக்கும், களத்தில் நின்று பதரையும் மணியையும் பிரித்தவனுக்கும் வேற்றுமை உண்டன்றோ? இரண்டாவது சொல் 'ஸ்பிரிட்'. மாணவர்களிடையே பள்ளி ஸ்பிரிட் வளரவேண்டும் என்று சுற்றறிக்கைகள் கூறும். இதை உணர்வு என்பதா, ஊக்கம் என்பதா, பற்று என்பதா? பற்று என்றால் கணக்குப் புத்தகத்தில் செலவுப் பக்கமும் ஆகிவிடும். சொல் அகப்படாமற் போனாலும் பொருள் நம்மிடம் இல்லாமற் போகவில்லை. ஒரு கூட்டமாக இருந்து ஒரு வேலையைச் செய்து முடித்த பிள்ளைகளிடையே தோன்றும் ஒட்டுறவு அது. வெளியே சென்று கற்பதும் இந்த ஒட்டுறவும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்றுகள் உள்ளன.

1910ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் ஜோகானஸ்பர்க் அருகே காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை நிறுவினார். சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின. பிள்ளைகளுள் தமிழ்ப் பிள்ளைகளும் பலர். அவர்களுக்குத் தமிழ் சொல்லித்தர வேறு ஆள் இல்லாமையால், போப்பையருடைய தமிழ்க் கைநூலைத் தாண்டிச் செல்லாத தம் சொற்பத் தமிழைக் கொண்டு காந்தியடிகளே கற்பித்தார். குழி தோண்டுதல், மரம் வெட்டுதல், சமைத்தல், செருப்புத் தைத்தல் என எல்லா வேலைகளிலும் பிள்ளைகள் பங்கு கொண்டனர். ஆசிரியர் செய்யாத ஒரு வேலையைப் பிள்ளையைச் செய்யச் சொல்லலாகாது என்பது அங்கே விதி. இன்று பள்ளிச் சுற்றுலாக்களில் நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு இந்த விதியை நினைவூட்டுவது நலம்.

அப்பண்ணைக்குப் பிறகு ஃபீனிக்ஸ் ஆசிரமத்தில் இருந்த பிள்ளைகள் 1914இன் இறுதியில் இந்தியாவுக்கு வந்தபோது, கவி ரவீந்திரநாத தாகூர் அவர்களுக்குச் சாந்திநிகேதனத்தில் இடமளித்தார். அக்குழுவிலும் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தனர். கவியின் பள்ளி 1901இல் விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களோடு தொடங்கியது, மரத்தடியே வகுப்பறை. ஆனால் சமையலறையில் சம்பளச் சமையற்காரர்கள் இருந்தனர். 1915 மார்ச்சில் காந்தியடிகள் அங்கே தங்கியிருந்தபோது, சமையல், பாத்திரம் துலக்குதல், துப்புரவு முதலியவற்றை ஆசிரியர்களும் மாணவர்களுமே மேற்கொண்டால் என்ன என்று கேட்டார். கவி அதற்கு இசைந்தார். ஏறத்தாழ 125 மாணவர்கள் வேலையில் இறங்கினர். பெரிய பெரிய பாத்திரங்களைத் துலக்கும் கூட்டத்தார் சலிப்படையாதிருக்க, மற்றொரு கூட்டத்தார் அருகமர்ந்து சிதார் வாசித்தனராம்! இந்தக் காட்சியைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் பதிந்துவைத்திருக்கிறார். சோதனை நெடுநாள் நீடிக்கவில்லை. சிலர் விரைவிலேயே களைத்துப்போயினர். ஆனால் அது தொடங்கிய மார்ச் 10ஆம் நாள் அங்கே 'காந்தி புண்ணியாகம்' என்ற பெயரால் ஆண்டுதோறும் கொண்டாடப்பட்டு வந்திருக்கிறது. அன்று சமையற்காரர்களுக்கும் துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் விடுமுறை; அவர்களுடைய வேலை ஆசிரியர்களையும் மாணவர்களையும் சேர்ந்தது.

பள்ளி உணர்ச்சி என்று நாம் பேசும்போது கொடியும் கோஷமும் நினைவுக்கு வருகின்றன. துலக்கப்படும் அண்டாவும் பக்கத்தில் சிதாரும் நினைவுக்கு வருவதில்லை. எனக்கென்னவோ பின்னதே மெய்யான உணர்ச்சியாகத் தோன்றுகிறது.

சாந்திநிகேதனத்துக்கு அருகே 1922இல் ஸ்ரீநிகேதனம் என்ற கிராமப் புனருத்தாரண நிலையம் எழுந்தது. அங்கே கிராமத்துச் சிறுவர்களைக் கொண்டு 'விரதி பாலகர்' என்ற அணிகளை அமைத்தனர். சாரணர் இயக்கத்தைப் போன்ற அமைப்புத்தான். ஆனால் முகாமிட்டுப் பாட்டுப் பாடுவதோடு நில்லாமல், தம் கிராமத்துக் குட்டைகளில் கொசு பெருகாமல் தடுப்பதும் சுகாதாரம் பேணுவதும் அவர்களுடைய கடமைகளாக இருந்தன. வங்காளக் கிராமங்களை அக்காலத்தில் மலேரியா அரித்துக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால், பத்து வயதுப் பையன் ஒரு குட்டையைக் காவல் காத்தான் என்பது விளையாட்டன்று. சேவாகிராமத்திலோ, 1937ஆம் ஆண்டு வார்தா மாநாட்டுக்குப் பிறகு உருவான ஆதாரக் கல்விப் பள்ளியில், நூற்பும் தோட்டமும் சமையலறையுமே பாடப்புத்தகங்களாயின. அப்பணியைத் தம் மனைவி ஆஷாதேவியுடன் முன்னின்று நடத்திய ஆரியநாயகம் யாழ்ப்பாணத் தமிழர். கவியின் செயலாளராகச் சாந்திநிகேதனத்தில் இருந்தவர். இச்செய்தி தமிழ் நேயர்களுள் பலருக்குப் புதியதாக இருக்கலாம்.

இவையெல்லாம் ஆசிரமங்கள், மகான்கள் இருந்த இடங்கள், சாதாரண அரசாங்கப் பள்ளியில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை மத்தியப் பிரதேசத்தில், நர்மதை நதிக்கரையில் உள்ள ஹோஷங்காபாத் மாவட்டத்தில் இருக்கிறது. இப்போது அதன் பெயர் நர்மதாபுரம்.

1972இல் அம்மாவட்டத்தின் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் விஞ்ஞானத்தைப் புதிய முறையில் கற்பிக்கும் முயற்சி தொடங்கிற்று. ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையமும், கிஷோர் பாரதி என்ற தொண்டு நிறுவனமும் அரசாங்கத்தின் அனுமதியோடு இதை ஏற்று நடத்தின. பம்பாயிலிருந்தும் டில்லியிலிருந்தும் விஞ்ஞானிகளும் பேராசிரியர்களும் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு தரையில் அமர்ந்து பாடங்களை உருவாக்கினர். 1978இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் முறை விரிந்தது. 1982இல் ஏகலவ்யா என்ற நிறுவனம் தோன்றி அதை மேலும் பல மாவட்டங்களுக்குக் கொண்டுசென்றது.

அங்கே பிள்ளைகள் நால்வர் நால்வராகச் சேர்ந்து வேலை செய்தனர். அவர்களுடைய புத்தகத்தில் விடைகள் இல்லை. கேள்விகளும் செய்முறைகளுமே இருந்தன. 'பரிபிரமணம்', அதாவது சுற்றி வருதல், ஆண்டுக்கொரு கொண்டாட்டமாக இல்லாமல் பாடத்தின் அங்கமாகவே இருந்தது. வேரும் இலையும் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் வயல் வரப்புகளுக்குச் சென்று, செடிகளை வேரோடு பிடுங்கி வருவார்கள். கோதுமை, சோளம், புல் இவற்றின் இலைகளில் நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக நீளவாட்டில் ஓடும். கொண்டைக்கடலை, துவரை, மாங்கன்று இவற்றின் இலைகளில் நரம்புகள் வலைபோலப் பின்னிக் கிடக்கும். இப்போது வேரைப் பார். முதற் கூட்டத்துக்குச் சல்லி வேர். இரண்டாவது கூட்டத்துக்கு ஆணிவேர். இலையைப் பார்த்தே மண்ணுக்குள் மறைந்திருக்கும் வேரைச் சொல்லிவிடலாம் என்ற முடிவுக்குப் பிள்ளையே வந்துசேர்கிறது. ஒருவித்திலை, இருவித்திலை என்ற பெயர்களை ஆசிரியர் பிறகு சொல்லிக்கொள்ளலாம், அவசரமில்லை. பெயரை முதலில் சொல்லிவிட்டால் தேடல் முடிந்துபோகும் என்பதை அந்த ஆசிரியர்கள் அறிந்திருந்தனர்.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். பூக்களைப் பிரித்துப் பார்க்க ஊசிகள் வேண்டியிருந்தபோது, கடையில் வாங்கும் ஊசிக்குப் பதிலாகக் கருவேல முள்ளையே பயன்படுத்தினர். மிதிவண்டியின் வால்வுக் குழாயைத் துண்டு செய்து, தீக்குச்சிகளை அதிலே செருகி, முக்கோணம், சதுரம், கூம்பகம் எனக் கணித வடிவங்களைச் சமைத்தனர். தேர்வில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டே எழுதலாம். மனப்பாடத்துக்கு அங்கே மதிப்பில்லாதபோது மறைத்து வைப்பதற்கு என்ன இருக்கிறது? 'சவாலிராம்' என்றொரு கற்பனை மனிதரும் இருந்தார். இந்தியில் சவால் என்றால் கேள்வி. பிள்ளைகள் தமக்குத் தோன்றிய கேள்விகளையெல்லாம் அவருக்குக் கடிதமாக எழுதுவார்கள். நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் சவாலிராமின் பெயரால் மறுமொழி எழுதுவார்கள். கிராமத்துச் சிறுவனுக்குத் தன் பெயரிட்டுத் தபாலில் ஒரு கடிதம் வருவதைக் காட்டிலும் பெரிய மரியாதை எது?

முப்பது ஆண்டுகள் நடந்த இந்த முயற்சியை 2002இல் மாநில அரசாங்கம் நிறுத்திவிட்டது. அப்போது அது ஆயிரம் பள்ளிகள் அளவுக்குப் பரவியிருந்தது. நிறுத்தியதன் நியாய அநியாயங்களைப் பற்றி இங்கே வாதிடுவதற்கில்லை. எனினும், இன்று அனுபவவழிக் கல்வி என்று நாம் புதிதாகக் கண்டதுபோல் பேசுவதை, மண் தரையிலும் ஓட்டுக் கூரையின் கீழும், மாதச் சம்பளம் வாங்கும் சாதாரண ஆசிரியர்களே நடத்திக் காட்டினார்கள் என்பதை மறத்தல் தகாது.

இனி, தமிழ் நேயர்கள் மனத்தில் எழக்கூடிய ஓர் ஐயம். தச்சரிடமும் குயவரிடமும் பிள்ளைகளை அனுப்புவது என்றவுடன், 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது வந்த மாற்றியமைத்த தொடக்கக் கல்வித் திட்டம் நினைவுக்கு வரும். பள்ளி நேரம் மூன்று மணியாகக் குறைந்தது. எஞ்சிய நேரத்தில் பிள்ளை வீட்டாரின் தொழிலைக் கற்கலாம் என்றனர். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, பலத்த எதிர்ப்புக்குள்ளாகி, 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களின் அச்சம் காரணமற்றது அன்று. குயவர் மகன் குயவனாகவே நிற்கவேண்டுமா என்ற கேள்விக்கு அத்திட்டத்தில் தக்க விடை இல்லை.

பத்து நாள் திட்டமோ எல்லாப் பிள்ளைகளையும் எல்லாத் தொழிலுக்கும் அழைத்துச் செல்வது. எழுத்தின் அளவில் இது பெரிய வேற்றுமை. செயலில் அந்த வேற்றுமை நிலைக்குமா என்பது ஆசிரியரின் கையில் இருக்கிறது. யாரை எந்தத் தொழிலுக்கு அனுப்புவது என்று பிரிக்கும் வேளையில், அலுவலர் வீட்டுப் பிள்ளைகள் ஓவியக் கூடத்துக்கும், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் செருப்புக் கடைக்கும் என்று பட்டியல் அமைந்துவிட்டால், 1953இன் நிழல் மீண்டும் விழும். ஆகையால் சீட்டுக் குலுக்கிப் போடுவதே மேல். குயவர் வீட்டுப் பிள்ளை அன்று சக்கரத்தடியில் உட்காரவேண்டாம். வங்கி மேலாளரிடம் சென்று வட்டிக் கணக்குக் கேட்கட்டும். வங்கி மேலாளரின் பிள்ளை மண் மிதிக்கட்டும். அது வெகு சீக்கிரம் ஒன்றைக் கண்டுகொள்ளும்: மண்ணைப் பதமாக மிதிப்பது தன்னால் ஆகாத காரியம், அப்பதம் தெரிந்தவரை இனி ஒருமையில் அழைக்க நா எழாது.

டில்லியில் குளிர்காலம் வந்தால் குதுப்மினாரைச் சுற்றிப் பள்ளிப் பேருந்துகள் வரிசையாக நிற்கும். சீருடைப் பிள்ளைகள் இருவர் இருவராகக் கைகோத்துச் செல்வார்கள். அறிவிப்புப் பலகையின் முன் நின்று, உயரம் 72.5 மீட்டர் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். எழுதி முடித்ததும் அடுத்த பலகைக்கு நகர்வார்கள். நிமிர்ந்து பார்க்கும் பிள்ளைகள் குறைவு. பலகையைப் படிக்க ஐம்பது கல் தொலைவு வரவேண்டியதில்லை. புத்தகத்திலேயே அது இருக்கிறது.

அந்த உயரத்தைப் பிள்ளைகளே அளந்தால் என்ன? ஒரு மீட்டர் நீளமுள்ள கோலைத் தரையில் நேராக நட்டு, அதன் நிழலை அளக்கவேண்டும். அதே சமயத்தில் மினாரின் நிழலையும் அளக்கவேண்டும். டிசம்பர் பிற்பகுதியில், நண்பகலில், டில்லியில் ஒரு மீட்டர் கோலின் நிழல் சற்றேறக்குறைய 1.28 மீட்டர் இருக்கும். நிழல்களின் விகிதமே உயரங்களின் விகிதம். நிழல் இடிந்த சுவர்களின்மேல் ஏறி இறங்கினால் கயிற்றை மட்டமாகப் பிடிக்க வழி தேடவேண்டும். அதிலேயே பாதிக் கல்வி அடங்கியிருக்கிறது. இவ்வளவு பாடுபட்டுக் கணக்கிட்டால் 67 மீட்டர் என்றுதான் விடை வரும். பலகையோ 72.5 என்கிறது. பலகை பொய்யா, நாம் தவறா? பிள்ளைகளிடையே சண்டை மூளும். அந்தச் சண்டைதான் நமக்கு வேண்டியது. மினாரின் அடிப்பாகம் 14.3 மீட்டர் குறுக்களவு கொண்டது. நிழலைச் சுவரின் ஓரத்திலிருந்து அளந்தவர்கள், உச்சிக்கு நேர்கீழே உள்ள நடுப்புள்ளி சுவருக்குள் ஏழு மீட்டர் தள்ளியிருப்பதை மறந்துவிட்டார்கள். அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் பலகை மெய்யாகிவிடும். இதை யாரேனும் ஒரு பிள்ளை கண்டு கூவும்போது அந்தக் கூட்டத்தில் உண்டாகும் ஆரவாரம் இருக்கிறதே, அதற்குப் பரிசுக் கோப்பை எதுவும் ஈடாகாது. டில்லிக்கு வரவியலாத பள்ளிகள் ஊர்க் கோயில் கோபுரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ அளக்கலாம்.

கோப்பை என்றதும் பள்ளி அணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில நாட்டு விடுதிப் பள்ளிகளில் பிறந்த 'ஹவுஸ்' முறை நம் பள்ளிகளில் வேரூன்றிவிட்டது. கேந்திரிய வித்யாலயங்களில் சிவாஜி, தாகூர், அசோகர், ராமன் என்று அணிகளுக்குப் பெயர். நவோதய வித்யாலயங்களில் ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்று மலைப் பெயர்கள். ஹரியானா மாநிலத்து நாட்டுப்புறச் சிறுமி ஒருத்தி, 'நீலகிரி வாழ்க' என்று தொண்டை வறளக் கூவி ஓடுவதை நினைத்தால் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது. ஆயினும் நகச் சுத்தத்துக்கு ஒரு புள்ளி, காலம் தவறாமைக்கு ஒரு புள்ளி என்று எல்லாவற்றையும் அணிக் கணக்கில் ஏற்றுவது எனக்கு உவப்பாக இல்லை. தாமதமாக வந்த பிள்ளை தன் அணியின் பகையாளியாகிவிடுகிறது. வீட்டில் தம்பியைக் கவனித்துவிட்டு வந்ததோ, முதற்பேருந்து வரவில்லையோ, அதை யார் கேட்கிறார்கள்?

நவோதயப் பள்ளிகளில் இதைவிட ஆழமான வேறொரு ஏற்பாடு உண்டு. ஒன்பதாம் வகுப்பில் மாணவர்களில் நூற்றுக்கு முப்பது பேர், இந்தி வழங்கும் மாவட்டத்திலிருந்து இந்தி வழங்காத மாவட்டத்துக்கும், அங்கிருந்து இங்குமாக, ஓராண்டு இடம் மாறிப் படிக்கிறார்கள். ஓராண்டு! இட்டலியைப் பார்த்து முகம் சுளித்த பையன் ஆண்டு முடிவில் இரண்டாவது கரண்டி சாம்பாருக்குத் தட்டை நீட்டுவான் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை. தேசிய ஒருமைப்பாட்டைப் பற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டும் மொழிபெயர்த்தும் பழகிய எனக்கு, ஒரே அறையில் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் ஒரு வேற்றுமொழித் தோழனே அவற்றைவிட நம்பத்தக்கவனாகப் படுகிறான்.

இவ்வளவும் கூறிய பின், கசப்பான இரண்டு செய்திகளையும் கூறாமல் விடலாகாது.

முதலாவது பணம். பள்ளிச் சுற்றுலா என்பது பல இடங்களில் கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்லும் பயணமாகிவிட்டது. கட்டணம் கட்ட இயலாத பிள்ளை அன்று காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்துவிடும். மறுநாள் மற்றவர்கள் பேருந்தில் பாடிய பாட்டைப் பற்றியும் நீர்ச்சறுக்கைப் பற்றியும் பேசிச் சிரிக்கையில், அது புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். கூட்டுணர்வை வளர்ப்பதற்கென்று நடத்தப்பட்ட ஒன்று, ஒரு பிள்ளையைக் கூட்டத்திலிருந்து பிரித்துவிட்டது. வகுப்பில் ஒருவரேனும் பணத்தின் பொருட்டு வரமுடியாத பயணத்தை நடத்துவதில்லை என்று ஒரு பள்ளி முடிவு செய்தால், அதன் பயணங்கள் தாமாகவே கால்நடைத் தூரத்துக்குள் வந்துவிடும். அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இரண்டாவது உயிர். 2024 ஜனவரி 18ஆம் நாள், குஜராத்தில் வதோதரா நகரத்து ஹர்ணி ஏரியில் பள்ளிப் பிள்ளைகள் சென்ற உல்லாசப் படகு கவிழ்ந்தது. பன்னிரண்டு குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் மாண்டனர். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதும், பலருக்கு உயிர்காக்கும் அங்கி இல்லாததும் காரணங்களாகக் கூறப்பட்டன. இதைக் கேட்ட பெற்றோர் எவரும் அடுத்த அனுமதிச் சீட்டில் கையெழுத்திடும்போது பேனாவைச் சற்று நிறுத்தியிருப்பார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் இதற்குப் பரிகாரம் பிள்ளைகளை உள்ளேயே பூட்டி வைப்பதன்று. படகுக்காரனிடம் எத்தனை பேருக்கு உரிமம் என்று கேட்பதும், அங்கி இல்லாத படகில் ஏறமாட்டோம் என்று கூறுவதும், தலைகளை மூன்று முறை எண்ணுவதும் ஆசிரியரின் கடமைகள். அவற்றைப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எண்ணத் தெரியும்; எண்ணிப் பார்த்து, மூன்று பேர் அதிகம் ஐயா என்று சொல்லும் துணிவையும் தந்துவிட்டால் போதும்.

அவ்வாறாயின், பணமும் வேண்டாமல், அபாயமும் குறைவாக, ஒரு சிற்றூர்ப் பள்ளி தன் பத்து நாட்களை எங்கே கழிக்கலாம்? நியாயவிலைக் கடை, வாரச் சந்தை, ஆரம்ப சுகாதார நிலையம், ரயில் நிலையம், ஏரி மதகு என்று ஒன்றரைக் கல் சுற்றளவுக்குள் எத்தனையோ உள்ளன. எனக்கு விருப்பமானது தபால் நிலையம்.

நாற்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு அஞ்சலட்டை எழுதட்டும். தத்தம் வீட்டு முகவரிக்கே எழுதட்டும். ஆறு இலக்கம் கொண்ட அஞ்சல் குறியீட்டு எண்ணை ஆசிரியர் விளக்கலாம். 1972 ஆகஸ்டு 15இல் வந்த முறை அது. முதல் இலக்கம் நாட்டின் பெரும்பகுதியைக் காட்டும்: தமிழ்நாடும் கேரளமும் 6, டில்லி 1. ஹைதராபாத்தில் உள்ள மாமாவின் முகவரியில் ஏன் 5 இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்கும், வரைபடத்தை விரிக்கவேண்டியதுதான். பிறகு அட்டைகளைப் பெட்டியில் போட்டுவிட்டு, பெட்டி எத்தனை மணிக்குத் திறக்கப்படுகிறது என்று காத்திருந்து பார்க்கட்டும். தபால்காரர் பையில் கொட்டி எடுத்துச் செல்வதையும், முத்திரை குத்துவதையும், ஊர்வாரியாகப் பிரித்து அறைகளில் இடுவதையும் வரிசையாக நின்று பார்க்கட்டும். எந்தத் தெருவுக்கு முதலில் செல்வார், மழைநாளில் என்ன செய்வார், முகவரி தப்பாக எழுதிய கடிதம் எங்கே போகும் என்று அவரிடமே கேட்கட்டும். அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். ஒருவரும் அவரை இதுவரை கேட்டதில்லை.

அதன்பின் பள்ளிக்குத் திரும்பி, அட்டை எந்த நாளில் யார் வீட்டுக்கு வந்து சேரும் என்று ஒவ்வொருவரும் ஊகித்துச் சுவரில் ஒரு பட்டியல் எழுதி ஒட்டவேண்டும். ஊரின் மேற்குக் கோடியில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு நாள் பிந்தி வரலாம். புதிதாகக் குடிவந்தவர்களுடைய வீட்டுக்கு வழி தெரியாமல் தபால்காரர் விசாரித்துக்கொண்டு வரலாம். ஒவ்வொரு நாள் காலையிலும் பட்டியலில் ஒரு கோடு விழும். கடைசி அட்டை வந்துசேரும் வரையில் நாற்பது பேரும் அந்த ஒருவருக்காகக் காத்திருப்பார்கள்.